பொன்னாடைக்குள் ஒரு கை

மனித குலம் இருளிலிருந்து ஒளிக்கு வந்த இடங்கள் மூன்று: குகை, பள்ளிக்கூடம், முதலமடை ஜெயமாருதி டாக்கீஸ். அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். டாக்கீஸுக்குப் பாதிக் கூரை இல்லாததால் ஒளிக்குக் குறைவில்லை.

அந்தப் பழைய கட்டடத்தைப் பண்பாட்டுக்கும் குடிமைக் கல்விக்குமான மையமாக விரிவாக்க ஒரு கமிட்டி. தலைவர் நல்லதம்பி, மாட்டுத் தரகர். இன்று பார்வையிட வரும் மலையாள அதிகாரி ஜிஜோ பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால் மையம் வரும். போடாவிட்டால் டாக்கீஸை இடித்து, மாங்காய் லாரிகள் நிறுத்த இடமாக்கிவிடுவார்கள். நல்லதம்பிக்குக் காலையிலிருந்து இட்லி இறங்கவில்லை.

தம்பி மகள் செல்வப்பிரியாதான் செயலாளர். "பெரியப்பா, நீங்க பேச வேண்டாம். பொன்னாடையப் போத்துங்க, கும்புடுங்க, உக்காந்துக்கோங்க. கை சும்மா இருக்கோணும்."

"நான் என்ன பண்ணிப்போடுவேன்னு பயப்படறே?"

"அது தெரிஞ்சா எதுக்குங்க பயப்படறேன்?"

அரங்கு நிறைந்திருந்தது. நல்லதம்பி கூப்பிட்டால் வருகிறவர்கள் தரகர்கள்தான் என்பதால் அத்தனை பேரும் தரகர்கள். ஜிஜோ வந்தார். ஒட்டிய கன்னம், தொங்கிய தோள். சுவர் விரிசலைப் பார்த்தார், கிழிந்த திரையைப் பார்த்தார், "நோக்கட்டே, பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

மேடையில் பொன்னாடை போர்த்தும்போது அதன் முனை சரிந்து இருவர் கைகளையும் மூடியது. அங்கேதான் வினை. சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்து அழுத்துவதுதான் பேச்சு. மேலே துணி, கீழே ஒரு கை என்றால் நல்லதம்பியின் விரல்கள் அவரைக் கேட்பதில்லை. அழுத்திவிட்டன.

ஜிஜோ வெடுக்கென்று கையை இழுத்தார். "இது எந்தா? எனக்குக் கைக்கூலியா?"

மைக் திறந்திருந்தது. நல்லதம்பியின் கண்ணுக்குள் லாரிகள் வரிசையாக வந்து நின்றன.

செல்வப்பிரியா மைக்கைப் பிடுங்கினாள். "ஐயோ, இல்லீங்க சார்! இது எங்க மாட்டு யாவாரத்துல விரல்லயே வெல பேசற முறைங்க. மையத்துல மொத பாடமே இதுதானுங்க." அந்த நிமிடம் வரை அப்படி ஒரு பாடம் இல்லை.

ஜிஜோவின் முகம் மலர்ந்தது. "கொள்ளாம்! பாரம்பரியமல்லே? துணி இல்லாம ஒரு தடவைகூடி காட்டணும். எல்லாரும் பார்க்கட்டே."

நல்லதம்பி கீழே பார்த்தார். முன் வரிசையில் போட்டித் தரகர் பெரியமுத்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். நல்லதம்பி நைசாக இன்னொரு விரலைச் சேர்த்துப் பிடித்தார்.

"அல்லல்ல. முன்ன பிடிச்சது இந்த ரெண்டுதான். அப்படியே வேணும்."

அப்படியே பிடித்தார். பெரியமுத்து தோள் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"இதெந்து விலை?"

"ஒசந்த வெலைங்க சார்," என்றார் நல்லதம்பி. "நல்ல உருப்படிக்குத்தானுங்க போடுவோம்."

ஜிஜோ அங்கேயே கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு விரல்களையும் நல்லதம்பியைப் பிடிக்கச் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டார். மையத்தின் வாசலில் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

அது பல் விழுந்த எருமைக்குச் சொல்லும் விலை.