பாலம் வரைக்கும் ஒரு தாலி

அர்ஜுனன் மலைமேல் இருக்கும் திரிங்காப்பிலிருந்து சிங்கப்பூருக்கு முட்டைக்கோஸ் அனுப்புகிறவன். லாரியோடு போய்ப் போய் அந்த ஊர்த் தெருக்களெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எழுபத்தாறில் கோஸ் விலை விழுந்ததும் ஆட்களை ஏற்ற ஆரம்பித்தான். சாயங்காலம் தோட்டத்து லயத்து வாசலில் பஸ் ஏறினால் விடியலில் ஜோகூர். எல்லைப் பாலம் தாண்டினால் பகலெல்லாம் சிங்கப்பூர். இருட்டுவதற்குள் மறுபடியும் பாலம். கறுப்புக் குடை ஒன்றை உயரத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நடப்பான், தேயிலைத் தோட்டத்துச் சனம் பின்னால் போகும். கோஸ் தேவலை, அது கேள்வி கேட்காது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அந்த முறை தங்கம்மா வந்திருந்தாள். புருஷனை இழந்தவள், கொழுந்து பறிக்கிறவள். பக்கத்தில் மகள் அம்மாக்கண்ணு. முன் சீட்டில் செல்லம்மா. அவள் அடுத்த தோட்டத்துக்காரி, வைகாசியில் அம்மாக்கண்ணுவுக்கு மாமியார் ஆகப்போகிறவள். ஐந்து பவுனில் செயின் போட்டால்தான் மாமியார்; செயின் இல்லை என்றால் பேச்சும் இல்லை என்று தட்டு மாற்றும்போதே சொல்லிவிட்டாள். சிங்கப்பூரில் வாங்கினால் செய்கூலி குறையும் என்று வழி காட்டியதும் அவளேதான்.

துறைமுகத்தில் அர்ஜுனன் குடையை நீட்டி நீட்டிக் கப்பல்களைக் காட்டினான். எந்தக் கப்பல் எந்தத் தேசத்துக்குப் போகிறது என்று பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் சொன்னான். பெண்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. கப்பலைக் கழுத்தில் போட முடியாது. சிராங்கூன் ரோட்டில் இறக்கிவிட்ட பிறகுதான் கூட்டத்துக்கு உயிர் வந்தது.

நகைக்கடையில் தங்கம்மா மூன்று முறை எழுந்தாள். முதல் முறை எழுந்தது நடிப்பு, இரண்டாம் முறை கோபம். மூன்றாம் முறை நிஜமாகவே கையில் இருந்தது போதவில்லை. அந்த நிஜத்துக்குத்தான் கடைக்காரர் இறங்கி வந்தார்.

செயின் கைக்கு வந்தது. ஆனால் பாலத்தைத் தாண்ட வேண்டுமே. புது நகையைக் கண்டால் சுங்கக்காரர்கள் வரி கேட்பார்கள், கட்டாவிட்டால் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அதற்கும் அர்ஜுனனிடம் ஒரு வழி இருந்தது. பெண்களெல்லாம் பழைய தாலியைப் புதுச் செயினில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. தாலியில் எவன் கை வைப்பான்? பஸ்ஸுக்குள்ளேயே புடவைத் தலைப்புகளின் மறைவில் காரியம் நடந்தது. செல்லம்மாவும் தான் வாங்கிய செயினில் தன் தாலியைக் கோத்துக்கொண்டாள்.

தங்கம்மாவுக்குக் கோக்கத் தாலி இல்லை. மகளுக்கு இன்னும் ஏறவில்லை. அர்ஜுனன் ஓடிப்போய் ஒரு மஞ்சள் கிழங்கு வாங்கி வந்து, நூலால் செயினில் கட்டி நீட்டினான்.

"மஞ்சக் கெழங்கக் கட்டுனாலும் அது தாலிதான் தம்பி" என்றாள் தங்கம்மா.

"பாலம் வரைக்கும்தான்க்கா. இது வெறும் பேக்கிங்லா."

தங்கம்மா சம்பந்தியைப் பார்த்தாள். செல்லம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. யாரும் கட்டவில்லையே, நானாகத்தானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அம்மாக்கண்ணு வாங்கி மாட்டிக்கொண்டாள்.

ஜோகூர் சுங்கத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தமிழர், வயசானவர். அர்ஜுனனின் கணக்கில் வராதது அது ஒன்றுதான். அவர் அம்மாக்கண்ணுவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார். மெட்டி இல்லை.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். தங்கம்மா முந்திக்கொண்டு ஆச்சு என்றாள். புருஷன் எங்கே என்றார்.

குடையை மடக்கியபடி அர்ஜுனன் வந்து நின்றான். "நான்தான் ஐயா. என் சம்சாரம்லா."

வரிசை முழுக்க அது கேட்டது. பஸ் மலையேற ராத்திரி முழுக்க ஆகும். பேச்சு ஏறப் பெட்ரோல்கூட வேண்டாம். செல்லம்மாவின் முகம் கறுத்தது. அம்மாக்கண்ணு ஆமாம் என்றால் செயின் பிழைக்கும், ஆனால் ஊர் வாயில் அவள் அர்ஜுனனின் பெண்டாட்டி. இல்லை என்றால் செயின் போகும், செயினோடு கல்யாணமும் போகும்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையச் சொல்லும்மா. இல்லாட்டி பொம்பள ஆபீசரைக் கூப்பிட்டு இங்க நிக்கிற எல்லாக் கழுத்தையும் பாக்கச் சொல்லுவேன்."

பின்னால் கைகள் எல்லாம் தலைப்புகளை இழுத்துப் பிடித்தன.

அம்மாக்கண்ணு செயினைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அர்ஜுனன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க குடையப் புடிச்சிக்கிட்டு முன்னால நடங்க. நான் வர்றேன்."

இத்தனை பேர் காதில் விழ அண்ணே என்று அழைத்த பிறகு ஒருவன் புருஷன் ஆவதற்கு இந்த ஜென்மத்தில் வழி கிடையாது. அர்ஜுனனுக்குப் புரிந்தது, அதிகாரிக்கும் புரிந்தது.

"அப்ப இந்தச் செயின்?"

"என் கல்யாணத்துக்கு வாங்குனது ஐயா. இன்னும் ஆகல."

வரி கட்ட முடியுமா என்று கேட்டார். முடியாது என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் நூலை அறுத்து மஞ்சளை மட்டும் திருப்பிக் கொடுத்தார். வரிசையைக் கடைசிவரை ஒருமுறை பார்த்தார். அழுக்கேறிய தாலிகள், பளபளக்கும் செயின்கள்.

"தாலியில நாங்க கை வைக்கிறதில்ல. தாலி எதுன்னு எங்களுக்கும் தெரியும். போங்க."

உண்மை சொன்ன கழுத்து ஒன்றுதான் காலியாகத் திரும்பியது.

பஸ்ஸில் அர்ஜுனன் டிரைவர் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்துகொண்டான். குழம்புக்கு ஆகும் என்று சொல்லி அம்மாக்கண்ணு மஞ்சளை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள். யாரோ சிரித்தார்கள். செல்லம்மா சிரிக்கவில்லை. முன் சீட்டில் இருந்த சம்பந்தியின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள் தங்கம்மா. கோலாலம்பூரிலும் அது திரும்பவில்லை, தாப்பாவிலும் திரும்பவில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, குளிர் உள்ளே வந்து, தேயிலைக்கு மேலே வானம் வெளுக்கத் தொடங்கியபோது செல்லம்மா திரும்பினாள்.

"சம்பந்தி, வைகாசியில தாலிய மஞ்சக் கயித்துலயே கோத்துக் கொண்டாறோம்."

"செயினு?"

"அதான் பாலத்துல வச்சாச்சே."

தங்கம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. "நாளைக்குப் பேச்சு மாற மாட்டீங்களே?"

செல்லம்மா தலைப்புக்குள் கையை விட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"எப்படி மாறுறது? எங் கழுத்துல கெடக்கறதே ஒங்க மக விட்டு வச்சதுதான்."