ப்ராசஸருக்கு வைத்த பொட்டு

சிவசங்கருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். செஞ்சி காந்தி பஜாருக்குப் பின்னால் இருக்கும் அவனுடைய தெருவும் பாவம், அப்படித்தான் நம்பியது. யாருடைய செல்போன் நின்றுபோனாலும், யார் வீட்டுப் பிள்ளைக்குக் காலேஜ் விண்ணப்பம் போட வேண்டியிருந்தாலும் அவனிடம்தான் வருவார்கள். அவனும் செய்து கொடுப்பான். கூடவே, "இதுகூடவா தெரியாது?" என்று ஒரு வார்த்தையும் இலவசமாகக் கொடுப்பான்.

சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. ஒரு பக்கம் மீட்டிங் ஓடும், இன்னொரு பக்கம் வாடிக்கையாளர்களின் புகார்கள் வந்து குவியும், நடுவில் இருபது முப்பது இணையப் பக்கங்கள் திறந்து கிடக்கும். வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் ஐந்து வருஷத்துப் பழசு, இத்தனையையும் தாங்குமா? மீட்டிங்கில் அவன் முகம் உறைந்து நிற்கும். விளையாட்டிலோ, எதிரி சுட்டு முடித்துப் போன பிறகுதான் எதிரி வந்ததே திரையில் தெரியும்.

அதனால் ஆவணி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, திண்டிவனம் ரோட்டில் இருக்கும் விமலா கடையில் சொல்லிவைத்து ஒரு புது ப்ராசஸர் வாங்கினான். விமலா பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துகிறவள். அதிர்ந்து பேசமாட்டாள், பொருளில் பொய் சொல்லமாட்டாள்.

"கேபினெட்ட எடுத்துக்கினு வாப்பா, நானே மாட்டித் தரேன். அர மணி நேர வேலதான்" என்றாள்.

"எனக்குத் தெரியாதாக்கா?" என்று சிரித்துவிட்டு வந்தான் நம்ம ஆள்.

அவனுடைய அம்மா ராஜாம்பாள் தையல்காரி. அந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் ரவிக்கை என்றால் அவள்தான். வீட்டுக்குள் புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் சாமி முன்னால் வைத்து மஞ்சள் குங்குமம் இடாமல் அதைப் புழங்கவிட மாட்டாள். பூட்டு வாங்கினாலும் சரி, கேஸ் அடுப்பு வாங்கினாலும் சரி. ஆனால் கண்ட இடத்தில் பொட்டு வைக்கிறவள் என்று மட்டும் அவளை நினைத்துவிடக் கூடாது. அவளுடைய தையல் மெஷினில், துணியும் நூலும் படாத கழுத்துப் பக்கம் பார்த்துத்தான் வைப்பாள். எவளுடைய பட்டு ரவிக்கையிலாவது மஞ்சள் ஒட்டிக்கொண்டால் அந்தப் பேச்சை யார் கேட்பது? முப்பது வருஷத்தில் ஒரு ரவிக்கையில்கூட ஒட்டியதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை சிவசங்கருக்கு லீவு. பழைய ப்ராசஸருக்குக் கடைசி மரியாதை செய்வதுபோல விளையாட்டில் உட்கார்ந்திருந்தான். காதில் பெரிய ஹெட்போன். ராஜாம்பாள் புது ப்ராசஸரை அதன் சின்னப் பிளாஸ்டிக் கூட்டோடு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தீப்பெட்டி அகலத்தில் ஒரு தகடு. ஒரு பக்கம் வெள்ளி நிறம், மறு பக்கம் முழுக்கப் பொன் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது.

"சங்கரு, எந்தப் பக்கம்பா பொட்டு வெக்கிறது?"

அந்த நேரத்தில் இரண்டு பேர் அவனைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கயாச்சும் வைம்மா!" என்றான், திரும்பாமல்.

எது முகம், எது முதுகு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பொன்னாக மின்னுகிற பக்கம்தான் முகம் என்று அதில் மஞ்சளைக் குழைத்து வைத்து, மேலே குங்குமம் இட்டாள். கற்பூரம் காட்டி முடித்ததும், ஈரம் இருந்தால் கெட்டுவிடும் என்று பொட்டு அழியாமல் முந்தானையால் ஒற்றி, எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளிப் பக்கம் மேலே தெரிய மூடிவைத்தாள். அவளால் ஆன ஜாக்கிரதை அவ்வளவும் எடுத்தாள்.

மத்தியானம் சிவசங்கர் மாட்ட உட்கார்ந்தான். செல்போனில் வீடியோ ஓடியது. ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும் என்று வீடியோக்காரன் சொன்னான், அப்படியே எடுத்து, திருப்பிக்கூடப் பார்க்காமல் போர்டில் இறக்கி, கொக்கியைப் போட்டு அழுத்தினான். சூடு தணிக்கும் பசையைத் தடவினான், மேலே விசிறியைப் பூட்டினான், சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினான், மறுபடி கழற்றி மாட்டினான், அப்போதும் அடிப்பக்கத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் பழைய ப்ராசஸரையே திரும்பப் போட்டால் அதுவும் வேலை செய்யவில்லை. அவனுக்கு வியர்த்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார வேண்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் கையில் தப்பு இருக்கும் என்று அவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. புது ப்ராசஸரையே மறுபடி பூட்டி, கேபினெட்டைத் தூக்கி ஸ்கூட்டியின் முன்னால் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நேராக விமலா கடைக்குப் போனான். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக் காமராஜும் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாக்கா, யூஸ் பண்ண பழைய பீஸ என் தலையில கட்டிட்டியா? அது என் போர்டையே காலி பண்ணிடுச்சு! தெரிஞ்ச கடைன்னு வந்தா இப்பிடித்தான் ஏமாத்துவியா?"

பென் டிரைவ் வாங்க வந்த ஒருவர் அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார். விமலாவின் முகம் சிவந்தது. கேபினெட்டை வாங்கி, விசிறியைக் கழற்றி, ப்ராசஸரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு போர்டில் அது உட்காரும் குழியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, ப்ராசஸரையும், குழிக்குள் முடி போல நிற்கும் கம்பிகள் வளையாமல் குழியையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் துடைத்தாள். திரும்பப் பூட்டி சுவிட்சைப் போட்டதும் திரை பளிச்சென்று வந்தது.

குச்சியை அவன் முன்னால் நீட்டினாள். நுனி மஞ்சளாக இருந்தது.

"மஞ்சள்பா இது. குங்குமமும் இருக்குது. கம்பியெல்லாம் அப்பிக்கினு இருந்துச்சு."

பார்த்தவுடனே அவனுக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது. அம்மாவின் குரல், தன்னுடைய பதில், இரண்டும். அந்த இடத்தில், "மன்னிச்சிடுக்கா, என் தப்புதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காமராஜ் டீயைக் குடிக்காமல் காத்திருந்தான். எல்லாம் தெரிந்தவன் என்ற பெயரை அந்த ஐந்து பேர் முன்னால் இழக்க அவனுக்கு மனசு வரவில்லை.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "எங்கம்மா வேலதான் இது! படிக்காத ஜனத்த வச்சிக்கினு இன்னா பண்றது? ப்ராசஸருக்குப் பொட்டு வெச்சிருக்குது!"

கடையே சிரித்தது. காமராஜ் டீ புரையேறி இருமினான். "வெடலத் தேங்கா ஒடைக்கலியாப்பா? நாலு டயர்லயும் எலுமிச்சம்பழம் வெச்சிருக்கணுமே!"

விமலா மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா வெக்கும்போது நீ எங்கப்பா இருந்த?"

"நான் வீட்லயே இல்லக்கா" என்றான் சிவசங்கர். இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

விமலா பஞ்சுக் குச்சியைக் குப்பையில் போட்டாள். அவளிடம் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவும் அவன் மறந்துபோனான். மறந்தான் என்ன, கேட்காமல் நழுவினான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதிலும் காமராஜின் வாய்! ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அசலோடும் நகலோடும் இந்தக் கதையையும் சேர்த்துக் கொடுத்தான். ஒரு வாரத்தில் கதை கை கால் முளைத்து, ராஜாம்பாள் கம்ப்யூட்டருக்குள் விளக்கே ஏற்றிவிட்டாள் என்கிற அளவுக்கு வளர்ந்தது. அப்படி வளர்ந்த கதை வீட்டு வாசலுக்கும் வந்தது. எதிர்வீட்டு மணிமொழி ரவிக்கைத் துணி கொடுக்க வந்தவள், கூடத்தில் நின்று சிரியோ சிரி என்று சிரித்தாள்.

"இன்னா ராஜாம்பாக்கா, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெச்சு அத பொணமாக்கிட்டியாமே? ஒம்புள்ளயே கடையில சொல்லிச்சாம், படிக்காத ஜனம் இப்பிடித்தான்னு."

சிவசங்கர் தன் அறையில்தான் இருந்தான். ஹெட்போன் காதில் இருந்தது, ஆனால் அதில் ஒரு சத்தமும் ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. ராஜாம்பாள் தலையைத் தூக்கித் திறந்திருந்த கதவு வழியாக அவனை ஒரு தடவை பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தான். "நான் கேட்டேன், இவன்தான் எங்கயாச்சும் வைன்னான்" என்று சொன்னால் போதும், அவன் மானம் தெருவில் போய்விடும். அவள் சொல்லவில்லை. குனிந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

"ஆமாம்மா, எனக்கு இன்னா தெரியும்" என்றாள். "கைக்கு உள்பட்டி வெச்சுத் தெக்கட்டுமா?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறான். அந்தப் பாவத்தைச் செய்தவனாக ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

புது ப்ராசஸர் என்னவோ சிட்டாகப் பறந்தது. மீட்டிங்கும் ஓடியது, முப்பது பக்கமும் திறந்தது, விளையாட்டிலும் இடறவில்லை. அவனுக்குத்தான் விளையாடப் பிடிக்கவில்லை. அம்மா அவனிடம் கோபமாகவும் இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். ஆனால் அவன் அறையைப் பெருக்க வந்தால் கம்ப்யூட்டர் மேசைக்கு ஒரு முழம் முன்னாலேயே துடைப்பத்தை நிறுத்திவிடுவாள். முன்பெல்லாம் அதன் மேல் இருக்கும் தூசியை அவள்தான் தட்டுவாள்.

ஒருநாள் மனசு தாங்காமல் காமராஜ் கடைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொன்னான். "எங்கம்மா கேட்டாங்கண்ணா. நான்தான் கேம் ஆடிக்கினு எங்கயாச்சும் வைன்னு சொன்னேன்."

காமராஜ் அவன் தோளைத் தட்டினான். "பெத்தவளக் காப்பாத்துறியா? நல்ல புள்ளப்பா நீ!" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு ஆதார் நகல் எடுக்கத் திரும்பிவிட்டான். முதல் கதைதான் நன்றாக இருந்தது, அதை விட்டுவிட ஊருக்கு மனசில்லை. அவன் சொன்ன பொய்யைச் சுமந்துபோக ஆயிரம் பேர் இருந்தார்கள், உண்மைக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு நல்ல பிள்ளை என்ற பட்டம் வேறு. அந்தப் பட்டத்தோடு வீட்டுக்கு வந்தவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தீபாவளி நெருங்குவதால் ரவிக்கை வாங்க வந்த பெண்கள் மூன்று பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மணிமொழியும் ஒருத்தி. ராஜாம்பாள் தட்டில் மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனாள். தையல் மெஷினின் கழுத்துக்கு வைத்தாள், கத்தரிக்கோலுக்கு, அளவு டேப்புக்கு, மிக்சிக்கு, அரிவாள்மனைக்கு, வாசலில் நின்ற ஸ்கூட்டிக்கு வைத்தாள். சிவசங்கரின் அறை வாசல் வரைக்கும் வந்தாள். உள்ளே மேசையைப் பார்த்தாள். வருஷா வருஷம் அந்த கேபினெட்டுக்கு அவள்தான் பொட்டு வைப்பாள். இந்த வருஷம் தட்டோடு திரும்பிவிட்டாள்.

"ம்மா, இதுக்கு?"

"வேணாம்பா. அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீயே வெச்சிக்க."

மணிமொழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிவசங்கர் எழுந்து கூடத்துக்கு வந்தான். இத்தனை நாள் கட்டிக்காத்த பெயர் இந்த மூன்று பெண்கள் முன்னால் போகப்போகிறது என்று தெரிந்தது. போகட்டும் என்றிருந்தது.

"சிரிக்காதக்கா" என்றான். "எங்கம்மா அன்னிக்கே எங்கிட்ட எந்தப் பக்கம் வெக்கிறதுன்னு கேட்டாங்க. நான் வீட்லதான் இருந்தேன். கேம் ஆடிக்கினு, திரும்பிக்கூடப் பாக்காம, எங்கயாச்சும் வைன்னு சொன்னதே நான்தான். அப்புறம் விமலாக்கா கடையில போய் அவங்களயும் திருடின்னு பேசிட்டு, எம்மேல தப்பு வரக் கூடாதுன்னு எங்கம்மா மேல போட்டேன். எங்கம்மாவுக்குத் தெரியும் எங்க வெக்கணும், எங்க வெக்கக் கூடாதுன்னு. தெரியாதவன் நான்தான்."

மணிமொழியின் சிரிப்பு நின்றது. மற்ற இருவரும் தங்கள் மடியிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவனை நல்ல பிள்ளை என்று சொல்லவில்லை, அதுவே அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நாளைக்கே விமலா கடைக்கும் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ராஜாம்பாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் அறைக்குள் போனாள். மோதிர விரலில் மஞ்சளைத் தொட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கையை நீட்டியபடி நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்பா வெக்கிறது?"

அவன் குனிந்து கேபினெட்டின் முன்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். "இங்க வைம்மா. இங்க எதுவும் ஆகாது."

அவள் மஞ்சளை வைத்து, அதன் நடுவில் குங்குமத்தை இட்டாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கி மூணு தரம் கேட்டேன்டா" என்றாள். "கடைசித் தரம் ஒந்தோளத் தொட்டுக் கேட்டேன்."

அவனுக்கு ஒரு தடவைதான் நினைவில் இருந்தது. எவ்வளவு யோசித்தும் மற்ற இரண்டும் நினைவுக்கு வரவில்லை. ராஜாம்பாள் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.