எட்டாம் துறைப் பாட்டு

கியோமி அப்பாவின் காதோரம் ஒரு வெள்ளைச் சாமந்தியை வைத்துக்கொண்டிருந்தபோது பாட்டு தொடங்கியது. சவப்பெட்டியின் மறுபக்கம் பூவும் கையுமாக நின்ற அப்பாவின் கூட்டாளிகள் இருவரும், அவர்களோடு வந்திருந்த ரெய்கோ அக்காவும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். அழுகிற முகம் இல்லை அது, சோற்றில் கல் கடிபட்ட முகம். ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று கியோமிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெட்டியை மூடுவதற்கு முன் எல்லோரும் பூ வைப்பார்கள், அப்போது அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடலாம் என்று இறுதிச்சடங்குக் கூடத்துக்காரர் நேற்று சொல்லியிருந்தார். அது எந்தப் பாட்டு என்று ஒரே மகளான அவளுக்கே தெரியவில்லை. அப்பா ஹெய்சாகு தெற்கு ஜப்பானில் மோஜி துறைமுகத்து இழுவைப் படகில் நாற்பது வருஷம் இயந்திரம் பார்த்தவர். வீட்டில் அவர் வாயிலிருந்து வந்தது மூன்றே சொற்கள்: சோறு, குளியல், படுக்கை. ஓய்வு பெற்ற பிறகு செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் இசையை மெஷின் வாசிக்க வந்தவர்களே மைக் பிடித்துப் பாடும் ரெய்கோ அக்காவின் கராவோகே மதுக்கடைக்குப் போய் நாலு மணி வரை பாடிவிட்டு வருவார். வந்ததும் மறுபடி அதே மூன்று சொற்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாட்டையும் கழற்றி வைத்துவிடுவார் போலிருக்கிறது, எண்பத்து நாலு வயதில் போய்ச் சேரும் வரை வீட்டுக்குள் ஒரு முனகல்கூட யாரும் கேட்டதில்லை. அதனால்தான் அவர் படுக்கையோரம் டேப் ரெக்கார்டருக்குள் இருந்த கேசட்டை அப்படியே எடுத்து வந்து கொடுத்திருந்தாள்.

"இது என் பாட்டும்மா," என்றார் தோகுனாகா. முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், எண்பத்திரண்டு வயதிலும் ஒரு மயிர் கலையாத தலை. "ரயிலடிப் பாட்டு. மோஜில இதைப் பாடற ஆள் நான் ஒருத்தன்தான்."

"உங்க பாட்டுன்னா?"

ரெய்கோ அக்கா அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்க கடையில ஆளுக்கு ஒரு பாட்டு, கண்ணு. ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் தொடக்கூடாது. தொட்டா சண்டைதான். உங்கப்பாவும் இவரும் பாடி முடிச்சதும் மெஷின் குடுக்கற மார்க்குக்காக பதினெட்டு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. சாவுக்கு வந்த இடத்துல இவர் பாட்டைப் போட்டா எப்படி?"

"ஹெய்சாகு இதைக் கேட்டா எந்திரிச்சு உக்காந்துருவான்," என்றார் இவாசே. மீன் சந்தையில் ஐஸ் உடைத்தவர், காதில் கருவி. அது விட்டுவிட்டுத்தான் வேலை செய்யும் என்பதால் எதையும் ஊருக்கே கேட்கும்படி சொல்வார். பின்வரிசையில் இரண்டு சொந்தக்காரப் பெண்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகைக்காக அல்ல.

கியோமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கைப்பையைத் துழாவி கேசட்டின் பெட்டியை எடுத்து நீட்டினாள். "அப்பா தினமும் காதுல மாட்டிக்கிட்டு இதைத்தான் கேட்டாரு. நீங்களே பாருங்க. பாட்டு வரி பக்கத்துல என்னென்னவோ எழுதி வெச்சிருக்காரு."

தோகுனாகா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதற்குள் மடித்து வைத்திருந்த பாட்டு வரிக் காகிதத்தை விரித்தார். அப்பாவின் பென்சில் எழுத்து, இயந்திர அறைக் குறிப்பேட்டில் எழுதுகிற மாதிரி குட்டிக் குட்டியாக இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார். "இங்க தோகு மூச்சு விடறான். தப்பு. இங்க இழுக்கறான். கொஞ்சம் ஜாஸ்தி. இங்க..." அத்தோடு நிறுத்திவிட்டார்.

"என்ன, திட்டி வெச்சிருக்கானா?" என்றார் இவாசே.

"நல்லாருக்குன்னு எழுதிருக்கான்." தோகுனாகா காகிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "நேர்ல ஒரு நாள் சொன்னதில்ல, படுபாவி." கேட்காமலேயே அதைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கியோமியும் திருப்பிக் கேட்கவில்லை.

பாட்டு முடிந்தது. வெள்ளைக் கையுறை போட்ட கூடத்துக்காரர் பக்கத்தில் வந்து, பதினோரு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று பணிவாக நினைவூட்டினார். இன்னும் பத்து நிமிஷம்தான்.

"அப்பாவோட பாட்டு எது?" என்றாள் கியோமி.

"எட்டாம் துறை," என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

அப்படி ஒரு பாட்டு தங்களிடம் இல்லை என்றார் கையுறைக்காரர். அது பழைய பாட்டு. வடக்கே பனி கொட்டும் ஒரு துறைமுகத்தில், போன கப்பலுக்காக ஒருத்தி காத்திருப்பதைப் பற்றியது. மோஜியில் பனி விழுந்தால் காலையில் விழுந்து மத்தியானம் காணாமல் போய்விடும். ஆனாலும் இவர்கள் பாட்டுகளில் கொட்டுகிற பனியை வைத்து ஒரு மலையே கட்டலாம்.

"அப்ப நீங்க யாராவது பாடுங்க, தோகுனாகா மாமா. அந்தப் பாட்டோட அவரை அனுப்பணும்."

"நானா? பெட்டி மூடற வரைக்கும் அது அவன் பாட்டும்மா. அவன் கண்ணு முன்னாடி எப்படித் தொடுவேன்? பதினெட்டு வருஷ மரியாதை."

"எனக்கும் ஆகாது," என்று கத்தினார் இவாசே.

ரெய்கோ அக்கா யோசித்தாள். கடைச் சட்டங்கள் அவள் போட்டவைதான். "மக பாடலாம்," என்றாள்.

தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திய கியோமி, ஒரு விருந்தில்கூட வாய் திறந்து பாடியவள் இல்லை. அதைவிட, அந்தப் பாட்டின் ஒரு வரிகூட அவளுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பாடிய மனுஷன் அவளுக்கு ஒரு வரி பாடவில்லை. இந்தக் கிழவர்கள் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"நான் ஒவ்வொரு வரியா எடுத்துக் குடுக்கறேன்," என்றார் தோகுனாகா. "எடுத்துக் குடுக்கறது பாடறதுல சேராது."

"மெட்டு?"

"அதை நான் பிடிச்சுக்கறேன்," என்றார் இவாசே. ரெய்கோ அக்கா முகத்தில் அதற்கு நம்பிக்கை தெரியவில்லை.

தோகுனாகா அவள் காதருகே குனிந்தார். "எட்டாம் துறையிலே பனி பெய்யுது."

கியோமி பாடினாள். ஆரம்பமே எட்டாத உயரத்தில் போய்விட்டது. இவாசே கையை மெல்லத் தாழ்த்திக் காட்ட, தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கி வந்தாள்.

"கப்பல் கயிற்றை யார் அவிழ்த்தது. இந்த இடத்துல குரல் நடுங்கணும்."

"அது நடுங்கிக்கிட்டுதான் இருக்கு, மாமா."

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் ஒருவழியாகத் தடத்துக்கு வந்தது. ஓரிடத்தில் அவளே இழுத்தாள், யாரும் சொல்லாமலே. "அட, அங்கதான் அவனும் இழுப்பான்," என்றார் இவாசே, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. கியோமி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பூக்களுக்கு நடுவே அது வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் இருந்தது. முதல் தடவையாக அவளுக்கு அதன் மேல் கோபம் வரவில்லை.

இரண்டாம் சரணம் முடிந்ததும் இடையிசை. மூன்று பேரும் வாயாலேயே அதை வாசிக்கத் தொடங்கினார்கள். தோகுனாகா கிதார், ரெய்கோ அக்கா வயலின், இவாசே எதுவென்று சொல்ல முடியாத ஒன்று. இனி ஒரு சரணம்தான் பாக்கி. கையுறைக்காரரும் அவருடைய உதவியாளரும் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு, பாட்டு முடிந்ததும் மூடத் தயாராக நின்றார்கள்.

இடையிசை முடியும் இடத்துக்கு வந்தது. கியோமி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

தோகுனாகா அவளைப் பார்த்துக் கையைக் காட்டி, பொறு என்றார். பிறகு இடையிசையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மற்ற இருவரும் ஒன்றும் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். கையுறைக்காரர் சுவரில் மணியைப் பார்த்தார். பிறகு மூடியின் தன் பக்கத்தைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்தார்.