அகப்பை மணப்பெண்

முகமில்லாத மணப்பெண்ணின் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, அவள் தலையில் கட்டிய என் கல்யாண முக்காட்டின் சிவப்புச் சாயம் கரைந்து என் முழங்கை வரை வழிகிறது, சுற்றி நின்று பெண்கள் தப்பட்டை தட்டுகிறார்கள், நான் அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறேன், விட்டால் விழுந்துவிடுவாள், ஏனென்றால் அவள் ஒரு மர அகப்பை, கஞ்சி கிண்டுகிற அகப்பை, என் இடுப்புக்கு மேல் உயரம், கஞ்சி அள்ளும் குழிதான் அவளுக்கு முகம், குறுக்கே கட்டிய குச்சிதான் இரண்டு கைகள். மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் மலையில் இப்படித்தான், நாங்கள் இமாஸிகன், வெளியார் எங்களை பெர்பர் என்பார்கள், எங்கள் பெண்கள் ஓர் அகப்பைக்கு மணக்கோலம் செய்து மழைக்குப் பெண் கொடுக்கப் புறப்படுவார்கள், வீடு வீடாகப் போவார்கள், ஒவ்வொரு கூரையிலிருந்தும் ஒருத்தி தண்ணீர் ஊற்றி மணப்பெண்ணை நனைப்பாள், மணப்பெண் வந்திருக்கிறாள் மேகக்காரனே, அவளை உலர்ந்தபடி திருப்பி அனுப்பாதே என்று பாடுவார்கள், பள்ளிவாசல் இமாமுக்கு இதெல்லாம் பிடிக்காது, ஆனால் முதல் குடம் அவர் வீட்டுக் கூரையிலிருந்துதான் விழும். இது எந்த ஆண்டு, முக்காட்டில் இவ்வளவு சாயம் இருக்கிறதென்றால் முதல் தடவையாகத்தான் இருக்க வேண்டும், பிறகு வந்த பஞ்சங்களில் அது வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது, நானும்தான்.

அகப்பையைச் செதுக்கியவன் பாஸ்ஸு, என் கணவன், செதுக்கும்போது இன்னும் கணவனாகவில்லை, ஆற்றங்கரை அக்ரூட் மரத்தின் கிளையொன்று காற்றில் முறிந்து விழ, அதை இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து குடைந்தானாம், அவன் அம்மா, என் மாமியாராக வரப்போகிறவள், எந்தப் பட்டாளத்துக்குடா கஞ்சி ஊத்தப் போற என்று கேட்டிருக்கிறாள், பொறக்கப் போற பட்டாளத்துக்கு என்று அவன் சொல்லியிருக்கிறான். கோவேறு கழுதை மேல் என்னை உட்கார வைத்து அவன் வீட்டைச் சுற்றிக் கொண்டுவருகிறார்கள், முகம் மூடிய சிவப்புத் துணிக்குள்ளிருந்து எனக்கு உலகமே சிவப்பு, வாசலில் இறக்கிவிட்டு ஒரு கை நிறைய வெண்ணெய் தருகிறார்கள், மணப்பெண் அதை நிலைவாசலின் மேற்கட்டையில் பூசிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும், வீட்டில் கொழுப்பும் பாலும் குறையாமல் இருக்க, ஆனால் நான் குட்டை, எம்பி எம்பிப் பார்க்கிறேன், எட்டவில்லை, பெண்கள் சிரிக்கிறார்கள், எங்கோ பின்னாலிருந்து அவன் குரல், பொண்ண மாத்த முடியாது, வேணும்னா கதவ வெட்டிக் கொறச்சிரலாம். கடைசியில் எகிறிக் குதித்து அறைந்தேன், ஐந்து விரலும் அப்படியே பதிந்தன, அந்தக் கறை இன்னும் இருக்கிறது, புகை படிந்து கறுத்துப்போய், யாரோ உள்ளே வராதே என்று கை காட்டுகிற மாதிரி இருக்கிறது.

பட்டாளம் பிறக்கவில்லை. ஒன்றுகூடப் பிறக்கவில்லை, அவ்வளவு பெரிய அகப்பையை இரண்டு பேருக்கான சட்டியில் நட்டுவைத்தால் சட்டிதான் கவிழும், சுவரில் ஆணி அடித்து மாட்டினோம், வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பிறகு அந்த முதல் பஞ்சம், பெண்கள் ஊர்வலமாக என் வாசலுக்கு வருகிறார்கள், பள்ளத்தாக்கிலேயே பெரிய அகப்பை உன் வீட்டில்தான் இருக்கிறது என்கிறார்கள், ஆனால் சும்மா எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள், வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும், இந்த வீட்டு ஆம்பள இருக்காரா. இருக்கார் என்று வீட்டுக்காரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கணவன் உயிரோடு இருக்கிற வீட்டின் அகப்பைதான் மணப்பெண்ணாக முடியும், கைம்பெண் வீட்டுப் பெண்ணை எந்த மாப்பிள்ளை தேடி வருவான், மழை மட்டும் வருமா. நான் சொன்னேன், இருக்கார், பின்கட்டுல ஆட்டுக்குப் புல் போடறார். எல்லாரும் சிரித்தார்கள், அகப்பையை இறக்கினார்கள், என் முக்காட்டைக் கட்டினார்கள், என் முக்கோண வெள்ளிக் கொக்கியை மார்பில் குத்தினார்கள், இடுப்புக் கச்சையை மட்டும் நீதான் கட்டணும், பொண்ணோட அம்மா நீதானே என்றார்கள். பொண்ணோட அம்மா. ஊர்வலம் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள், பொண்ணோட அம்மாவுக்கு வழி விடுங்கடி, பொண்ணோட அம்மாவுக்கு முதல் கிண்ணம் குடுங்கடி, ஊற்றடியில் வீடுவீடாக வாங்கிய மாவைக் கொட்டிக் கஞ்சி காய்ச்சும்போது அந்தப் பெரிய சட்டியை என் மகள்தான் கிண்டினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு வானம் கறுத்தால் ஊரே சந்தோஷப்படும், எனக்கு உள்ளூர ஒரு ஏமாற்றம் இருக்கும்.

பாஸ்ஸு கோவேறு கழுதையில் வெளிநாட்டாரின் மூட்டைகளை ஏற்றி மலை உச்சிக்குக் கூட்டிப்போகிற வேலை பார்த்தான், புதினாத் தேநீரைக் கைக்கு எட்டிய உயரத்திலிருந்து நுரைக்க ஊற்றி இதுதான் பெர்பர் விஸ்கி என்பான், அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், தினமும் அதே வேடிக்கையைச் சொல்ல உனக்கு அலுக்கலையா என்று கேட்டால், அவங்க தினமும் வேற ஆளுங்கதானே என்பான். பிறகு பனி குறைந்தது, ஊற்று மெலிந்தது, பார்லி முழங்கால் உயரத்திலேயே மஞ்சளானது, கழுதையை விற்றான், கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்பெயினில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் தக்காளி வளர்க்கிறார்களாம், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று புறப்பட்டான், நிலைவாசலில் என் கை பதிந்த கறைக்குக் கீழே குனிந்து வெளியே போனான், அவன் நெட்டை, திரும்பிப் பார்த்து, மழை பெய்யட்டும், வந்துடறேன் என்றான். மழைதானே, என் கையில்தானே மணப்பெண் இருக்கிறாள் என்று நினைத்தேன், அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருந்தது. கடைக்காரர் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிடுவான், அங்கே கூடாரத்துக்குள் எப்போதும் கோடைதான் என்பான், தக்காளியைப் பார்த்தாலே வாந்தி வருகிறது என்பான், அகப்பைக்கு எண்ணெய் தடவு, வெடிச்சிரும் என்பான். பிறகு கூப்பிடுவது நின்றது. வேலை மாறியிருக்கும், தொலைபேசி தொலைந்திருக்கும், வேறொருத்தி கிடைத்திருப்பாள், கிடைக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும், நான் ஒவ்வொரு காரணமாக எடுத்து உடுப்பு மாதிரி எனக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். அடுத்த பஞ்சத்திலும் பெண்கள் வந்தார்கள், இந்த வீட்டு ஆம்பள இருக்காரா, இருக்கார், கடலுக்கு அந்தாண்ட, என்றேன், முன்பைவிடச் சத்தமாக. அவர்கள் அகப்பையை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வாங்கிக்கொள்கிற வரை அவன் இருக்கிறான், ஊர் மொத்தமும் மழையை வைத்துச் சத்தியம் செய்கிற மாதிரி.

இந்த ஆண்டு பாதாம் பூத்த நாளிலிருந்து ஊருக்கு என் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. ஸ்பெயினில் வேலை பார்க்கும் மோஹா ஊருக்கு வந்து சில நாள் இருந்துவிட்டுப் போனான், என் வீட்டுப் பக்கமே வரவில்லை, அவனுக்கும் பாஸ்ஸுவுக்கும் என்ன மனத்தாங்கலோ என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வெண்ணெய் வர ஆரம்பித்தது, இந்த வீட்டிலிருந்து ஒரு உருண்டை, அந்த வீட்டிலிருந்து ஒரு உருண்டை, கம்பளி சிக்கெடுக்க உட்கார்ந்தால் ஊர்க்கதை பேசாமல் மரியாதையாகப் பேசினார்கள், எங்கள் பெண்கள் மரியாதையாகப் பேசினால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம், எனக்கு அது உறைக்கவில்லை, வயதாகி நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு இஜ்ஜா, என்னைவிடச் சின்னவள், எனக்கு ஒரு தங்கை இருந்தால் அவள்தான், அவள் மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தே பேசினாள். ஊற்று நூலாகிவிட்டது, இந்த வாரம் புறப்படுவார்கள் என்று தெரியும், அகப்பைக்கு எண்ணெய் தடவினேன், முக்காட்டை அலசி நிழலில் காயப்போட்டேன், வெள்ளிக் கொக்கியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், வெள்ளிக்கிழமை விடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பதிலையும் தயாராக வைத்திருந்தேன். வெயில் ஏறியது. தப்பட்டைச் சத்தம் ஊரின் மறுகோடியில் கேட்டது, மணப்பெண் இல்லாமல் எப்படித் தப்பட்டை அடிக்கிறார்கள் என்று ஒரு நிமிடம் சிரிப்புக்கூட வந்தது.

கூரைக்கு ஏறுகிறேன், இடுப்பில் தண்ணீர்க் குடம், எந்த வீடாக இருந்தாலும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு வீடு ஊற்றாவிட்டால் மழை அந்த ஊரைத் தாண்டிப் போய்விடும் என்பார்கள். சந்து திரும்பி வருகிறார்கள், நடுவில் ஒரு மணப்பெண், குட்டையான அகப்பை, மஞ்சள் முக்காடு, அது இஜ்ஜாவின் முக்காடு, இஜ்ஜாதான் பிடித்திருக்கிறாள். என் வீட்டுக்குக் கீழே வந்ததும் பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. யார் வீட்டு அகப்பைடி அது என்று மேலேயிருந்து கேட்டேன். எங்க வீட்டுதுதான்க்கா. என் வீட்டுது வெடிச்சா போச்சு, எண்ணெய் போட்டுப் பளபளன்னு வெச்சிருக்கேன், ஏன் என்கிட்ட வந்து கேக்கல. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், பிறகு இஜ்ஜா முகத்தைத் தூக்கினாள், பாதாம் பூத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தாள், கேக்க முடியலக்கா, மழை வரணும்ல என்றாள்.

அவ்வளவுதான். என்னிடம் மறைக்க முடிந்தது அவர்களுக்கு, மழையிடம் மறைக்க முடியவில்லை. மோஹாதான் சொன்னானாம், கூடாரச் சூட்டில் பாஸ்ஸுவுக்கு நெஞ்சு நின்றுபோனதாம், அவனே அங்கே மண் போட்டுவிட்டு வந்தானாம், உன்கிட்ட யார் சொல்றதுன்னு தெரியலக்கா, ஆம்பளைங்க பொம்பளைங்க சொல்லட்டும்னாங்க, நாங்க அவங்க சொல்லட்டும்னு இருந்தோம், உன் மொகத்தப் பாத்தா வாய் வரல, இதையெல்லாம் இஜ்ஜா கீழேயிருந்து அண்ணாந்து சொல்கிறாள், மஞ்சள் மணப்பெண்ணை மார்போடு பிடித்தபடி, நான் மேலே குடத்தோடு நிற்கிறேன். அவர்களுக்குப் பின்னால் படிப்படியாகப் பார்லி வயல்கள், எல்லாம் காய்ந்த முடி நிறத்தில். ஊற்றமாட்டேன், கருகட்டும் எல்லாம், என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள், மழை பெய்தால் வருகிறேன் என்றவன் வரமாட்டான், பிறகு எனக்கு எதற்கு மழை, நான் அவளை ரொம்ப நேரம் பேசவிட்டேன், அவள் சொன்னது நியாயமாகவே இருந்தது. யாரும் என்னை ஊற்று என்று சொல்லவில்லை, போகவும் இல்லை, காத்துக்கொண்டிருந்தார்கள். குடம் கனத்தது. கவிழ்த்தேன், முழுக் குடத்தையும், இஜ்ஜா தலையோடு நனைந்து நின்றாள், பாட்டு மெல்ல மறுபடி ஆரம்பித்து அடுத்த வீட்டுக்குப் போனது.

பொழுது சாயும் முன் இஜ்ஜா ஊற்றடிக் கஞ்சியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள், உடுப்பு இன்னும் ஈரம், மேற்போர்வைக்குள் வேறெதையோ மறைத்துப் பிடித்திருந்தாள், வெள்ளைத் துணி, கைம்பெண் நான்கு மாதம் பத்து நாள் உடுத்த வேண்டிய வெள்ளை, பாதாம் பூத்தப்பவே வாங்கிட்டேன்க்கா, பெட்டிக்குள்ளயே இருந்துச்சு என்றாள், உள்ளே வரப் போனாள். நில்லுடி, என்றேன், வாசல்லயே நில்லு, கேளு. என்ன கேக்கணும். எப்பவும் கேக்கறதைத்தான், நான் காத்துக்கிட்டிருந்தேன்ல, ஒரு தடவ கேட்டுட்டு உள்ள வா. வேணாம்க்கா என்று அழுதாள், கேளுடி என்றேன், அவள் என் கை பதிந்த கறைக்குக் கீழே நின்று, அழுகைக்கு நடுவே, இந்த வீட்டு ஆம்பள இருக்காரா என்றாள். இல்ல, என்றேன். வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அழ வந்தது, அவன் போன வழியெல்லாம் கேட்கிற மாதிரி அழுதேன், அவன் பேரைச் சொல்லி அழுதேன், இஜ்ஜா உள்ளே வந்து பிடித்துக்கொண்டாள்.

பிறகு நான் வாசலில் வைத்திருந்த அகப்பையை உள்ளே எடுத்துவந்தேன். கழுவுவதற்கு எனக்கு அவன் உடம்பைத் தரவில்லை, அவன் கை குடைந்த மரம்தான் இருக்கிறது, என் மகள், இல்லை, அவன்தான், மடியில் கிடத்திக்கொள்கிறேன், இஜ்ஜா தண்ணீர் ஊற்றுகிறாள், நான் வலது பக்கம் முதலில் தேய்க்கிறேன், பிறகு இடது பக்கம், பிறகு குழிந்த அந்த முகம், உளி பட்ட தழும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரிகிறது, தாடை ஓரத்தில் அவனுக்குச் சவரம் சரியாக வராது, அங்கேயும் தேய்க்கிறேன். வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்தோம், ஒரு பாதியை இஜ்ஜா எனக்குப் போர்த்தினாள், மறுபாதியை நான் அகப்பைக்குச் சுற்றினேன், கச்சையை நானே கட்டினேன், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன், விட்டால் விழுந்துவிடும். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டி என் முழங்கை வரை வழிந்தது, அதில் சாயம் எதுவும் இல்லை. வெளியே வானம் இன்னும் காய்ந்துதான் கிடந்தது, வீட்டுக்குள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.