ஆயுத பூஜையன்று நாலு வெள்ளையணு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயுத பூஜையன்று ஸ்குருடிரைவர்கூட வேலை பார்க்காது. பக்கத்து மருத்துவமனையின் ஆய்வகமும் ஊரோடு ஒத்துப்போனது. ரத்த அணுக்களை எண்ணும் இரண்டு இயந்திரங்களில் புதியதை அணைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, பொரி படைத்திருந்தார்கள். பழையது மட்டும் அவசரத்துக்கு ஓடியது; அதற்கு ரத்தம் தவிர வேறெதையும் எண்ணத் தெரியாது.

பதினொரு மணிக்குத் துலுக்கானத்தின் முதுகுத்தண்டு நீர் வந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். போன வருடம் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர். மூன்று மாதமாகத் தலைவலி, இப்போது எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. "ரெண்டு பஸ்ஸு வருது, எதுக்கு ஒதுங்கறது?" என்று டாக்டரையே கேட்டிருக்கிறார். நோய் மூளைக்கு ஏறிவிட்டதா என்பதை இந்த நீர்தான் சொல்ல வேண்டும். அதிலுள்ள அணுக்களோ ஒரு மணி நேரத்தில் சிதையத் தொடங்கிவிடும்.

இருபத்தாறு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருக்கும் வீராசாமி எண்ணி முடித்தார். "நாலே நாலு வெள்ளையணு. அஞ்சு வரைக்கும் நார்மல். ரிப்போர்ட் அடிச்சுடும்மா."

"மிஷின்லயும் போட்டுப் பாத்துடலாம்ண்ணே," என்றாள் டெக்னீஷியன் லாவண்யா.

"அது இன்னிக்கி சாமி. சாமியாண்ட வேலை வாங்குவியா?"

"வேற எதுக்குண்ணே சாமி?"

மாலையைக் கழற்றி சுவிட்சைப் போட்டாள். இயந்திரம் தன்னைத்தானே அலசிக்கொண்டது. பழைய ரத்தத்தின் மிச்சம் துளியும் இல்லையென்று உறுதிசெய்த பிறகே நீரைத் தொட்டது. இந்தச் சுத்தபத்தம் பல கல்லூரி மெஸ்களுக்கு வாய்ப்பதில்லை. பிறகு அணுக்களுக்குச் சாயமேற்றி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக நடக்கவிட்டது.

திரையில் நாலு என்று வந்தது.

"பாத்தியா? என் கண்ணு இன்னா, அது இன்னா?"

ஆனால் திரையின் உச்சியில், எந்தக் கூட்டத்தோடும் சேராமல் சில புள்ளிகள் நின்றன. சாயத்தை அளவுக்கு மீறிக் குடித்தவை. இயந்திரம் புற்றுநோய் என்று சொல்லவில்லை. ஸ்லைடு போட்டுப் பார் என்றது, அவ்வளவுதான். தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் அந்தப் பண்புக்கு ஒரு மாலை போதாது.

வீராசாமி மிச்ச நீரைச் சுழற்றி, அணுக்களை ஸ்லைடில் படியவைத்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அங்கே இருந்தவை புற்றுநோய் அணுக்கள்.

"தலைய எண்ணினேன்மா. யாருன்னு கேக்கல."

டாக்டரே இறங்கி வந்து பார்த்தார். அன்றைக்கே முதுகுத்தண்டுக்குள் மருந்தேற்ற முடிவானது. அணுக்கள் பெருகுமுன் பிடித்துவிட்டதால் பார்வை நேராக வாய்ப்புண்டு என்றார். துலுக்கானத்தின் மனைவி புஷ்பா அழவில்லை.

"மூணு மாசமா தல வலிக்குதுன்னு கத்திகினு கீறாரு. அல்லாரும் மாத்திர குடுத்து அனுப்புனீங்க. இப்பனாச்சும் நம்பறீங்களா?"

"நம்பறோம்மா," என்றார் டாக்டர்.

"அப்ப நின்னுகினு இருக்காதீங்க. ஊசியப் போடுங்க."