ஏழாம் எண் வண்டி

அக்கா மகள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டாவதாக வந்த என் மகள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

சிறுவர்களுக்கான இந்த பைக் பந்தயத்தில் வண்டி யாருக்கும் சொந்தமில்லை. எல்லாம் ஒரே மாதிரி வண்டிகள். குலுக்கல் போட்டுக் கொடுப்பார்கள். திறமை மட்டும்தான் பேசவேண்டுமாம். நல்ல ஏற்பாடுதான், அக்கா மகளுக்கு ஏழாம் எண் வண்டி விழாதவரைக்கும். அது நேர்பாதையில் சீறுவதை என் காதால் கேட்டேன். எங்கள் வண்டியோ முக்கி முனகிக்கொண்டு போகிறது. அக்காவுக்கு எப்போதும் இப்படித்தான். வாய்த்த புருஷனிலிருந்து வாடகைக்குப் பிடித்த வீடு வரைக்கும் எல்லாம் தானாக நன்றாக அமைந்துவிடும். காலைப் பந்தயத்தோடு பிள்ளைகள் இருவருக்கும் புள்ளிகள் சமமாகியிருந்தன. மதியம் முந்துகிறவளுக்கு அடுத்த வருடம் பெரிய பிரிவில் இடம். ஒரே ஓர் இடம்.

நேராக அதிகாரியிடம் போனேன்.

"வண்டிய மாத்திக்கலாம்மா. ஆனா ரெண்டு பக்கமும் சம்மதிக்கணும்" என்றார்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்மா. வண்டியில ஒண்ணும் இல்ல. விட்டுடு."

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

அக்கா வந்தாள். "இதுக்குப் போய் ஆபீசர்கிட்ட ஏன்டி நின்ன? என்கிட்ட கேட்டா தரமாட்டேனா? எடுத்துக்கோ."

சிறுவயதில் தன் தலை ரிப்பனை அவிழ்த்து எனக்குக் கொடுத்தாளே, அதே முகம். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

மதியம் கொடி அசைந்ததும் ஏழாம் எண் வண்டியில் என் மகள்தான் முன்னால் பாய்ந்தாள். "பாத்தியா!" என்று அக்கா காதுபடக் கத்தினேன். அது மூன்றாவது வளைவு வரைக்கும்தான். அங்கே என் மகள் பிரேக் பிடித்தாள். அக்கா மகள் பிடிக்கவில்லை. முழங்கால் தரையில் உரச, உள்பக்கமாக நுழைந்து போய்விட்டாள். அடுத்த சுற்றில் என் மகள் நேர்பாதையில் முந்தினாள். அதே வளைவில் மறுபடியும் பின்தங்கினாள். கடைசிச் சுற்றிலும் அப்படியேதான். முனகுகிறது என்று நான் சொன்ன வண்டி என் கண்ணெதிரே சீறிக்கொண்டு முதலாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டியது.

தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன். மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. அழவில்லை.

"காலைல மாதிரி வண்டி சரியில்லன்னாவது சொல்லிட்டு இருந்திருக்கலாம்மா. இப்ப என்ன சொல்றது?"

பாட்டிலை நீட்டினேன். அவள் வாங்காமல் என்னைத் தாண்டி, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் பக்கம் நடந்தாள். அங்கே அக்கா மகள் உட்கார்ந்திருந்தாள். அக்கா இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். என் மகள் வாங்கிக் குடித்தாள்.

"அந்த மூணாவது வளைவுல என்னதான்டி பண்ற?" என்று அக்கா மகளைக் கேட்டாள்.

அக்கா மகள் டயரின் மேல் குனிந்து, இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்தாள். பக்கத்து டயரில் என் மகளும் குனிந்தாள். அவளைப் பார்த்துப் பார்த்து, ஒரு நொடி பிந்திச் சாய்ந்தாள்.

"இன்னும்" என்றாள் அக்கா மகள். "பயப்படாத, இன்னும்."

என் மகள் இன்னும் சாய்ந்தாள்.