மூடியை இறுக்கினால் போதுமாம்

எங்கள் கடையில் பெண்கள் வேலைக்கு வரலாம். வந்தால் கவுண்டரில் நிற்கலாம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, அதுவும் மெக்கானிகல். அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் தூசன் நகரத்து சைக்கிள் கடையொன்றில் கையுறை விற்றுக்கொண்டிருந்தேன். ரிப்பேர் ஸ்டாண்டில் மெக்கானிக் இடம் காலியானால் உனக்குத்தான் என்று முதலாளி டர்க் சொல்லியிருந்தார். காலியானது. அவருடைய அக்கா மகன் கோல்பி வந்து நின்றான்.

அந்த வெள்ளிக்கிழமை பல் டாக்டர் லண்ட்கிரென் தன் சைக்கிளை மறுபடியும் தள்ளிக்கொண்டு வந்தார். மறுநாள் மலையிலிருந்து அதில் இறங்கப் போகிறவர். முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டிலின் கழுத்தில் 'டொக்' என்று ஓர் ஆட்டம்.

"மூடிதான் லூசு. இறுக்கினாப் போதும்," என்று உச்சியிலிருந்த மூடியின் போல்ட்டைத் திருகினான் கோல்பி.

"நேத்தும் இதையேதானப்பா சொன்ன?"

"இன்னும் கொஞ்சம் முறுக்கணும் டாக்டர்."

"பல்லை நான் இப்படி முறுக்கினா என்னை உள்ள தள்ளிருவாங்க."

கவுண்டரை விட்டு வந்தேன். "கையை எடு கோல்பி. போல்ட் உடையப் போகுது."

"நீ போய் கையுறையை அடுக்கு நோயீலியா."

"அடுக்கியாச்சு. கழுத்துல இருந்த வளையம் ஒண்ணு எங்க?"

டாக்டர் நெளிந்தார். "நான்தான் எடுக்கச் சொன்னேன். ஹேண்டில் தாழ்வா இருந்தா ரேஸ்காரன் மாதிரி இருக்குமே."

"எடுக்கலாம். ஆனா எடுத்ததை ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெமுக்கு மேல போடணும்."

"அசிங்கமா இருக்கும்னாரு," என்றான் கோல்பி.

மூடியைக் கழற்றிக் காட்டினேன். சட்டத்தின் கழுத்தில் மேலும் கீழும் ஒவ்வொரு கப், உள்ளே பேரிங். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் குழாய் கீழிருந்து அவற்றினூடே ஏறி வரும். மேலே ஒரு பிளவு வளையம், வெற்று வளையங்கள், ஸ்டெம், கடைசியில் மூடி. மூடியை இறுக்கினால் ஃபோர்க் மேலே இழுபட்டு எல்லாம் நெருங்கும். குழாயின் நுனி ஸ்டெமுக்குள் சற்றுத் தாழ்ந்திருந்தால்தான் இது நடக்கும். இங்கே வளையம் போனதில் ஸ்டெம் இறங்கி, நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடி குழாய்மேல் குந்தியிருந்தது. இவன் திருகியதெல்லாம் வீண்.

ஸ்டெமின் பக்கத்துத் திருகுகளைத் தளர்த்தி, கோல்பி எடுத்து வைத்திருந்த வளையத்தை அதற்கு மேலே போட்டு, மூடியை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கினேன். ஹேண்டிலை நேராக்கிப் பக்கத்துத் திருகுகளை முடுக்கினேன். இனிமேல் பிடித்திருப்பவை அவைதான். உச்சியில் கடையின் பெயரோடு மினுக்குகிற மூடிக்கு அதற்குமேல் வேலையே இல்லை.

டாக்டர் பிரேக்கைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். சத்தமில்லை. "இதை இவ்வளவு தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்லை."

டர்க் உள்ளேயிருந்து வந்து என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். "அதுக்குத்தான் டாக்டர் இவளைக் கவுண்டர்ல வெச்சிருக்கேன். என்ன அழகா விளக்குறா பாருங்க."

"நல்லா விளக்குறேன் இல்ல, டர்க்?" என்றேன். "அப்ப இனிமே ரிப்பேருக்கு வர்ற எல்லார்கிட்டயும் விளக்கிடறேன். என்ன கோளாறு, யாரு பண்ணினதுன்னு."

டர்க் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கோல்பியைப் பார்த்தார்.

"திங்கள்கிழமைலேர்ந்து ஸ்டாண்டுக்கு வந்துடு," என்றார் டர்க்.

கை வேலையைப் பார்த்துத் தரவில்லை; வாய்க்குப் பயந்து தந்தார். வாங்கிக்கொண்டேன். கோல்பி கவுண்டருக்குப் போனான். என்னைவிட அதிகமாகக் கையுறை விற்கிறான். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.